லில்லி ஷூ-ஷூ: 14 வயதுப் பையனுக்கு இந்தப் படத்தைக் காட்டலாமா? (கதை முழுக்க வெளிப்படும்)

நடுநிசி வானொலி | செவ்வாய், இரவு 11:40

ஷுன்ஜி இவாயின் 'ஆல் அபௌட் லில்லி ஷூ-ஷூ' படத்தை நேற்று ராத்திரி மூன்றாவது தடவையாகப் பார்த்தேன். 2001-இல் வந்த ஜப்பானியப் படம். முதலில் பார்த்தபோது எனக்குக் கல்யாணம்கூட ஆகவில்லை. விடுதி அறையில், யாரோ காப்பி போட்டுக் கொடுத்த சிடியில் பார்த்தது. இப்போது என் மகனுக்கே 14 வயது. சாப்பாட்டுத் தட்டின் முன்னால் உட்கார்ந்தாலும் காதில் இயர்போன். என் லேப்டாப்பில் பச்சை வயல் நடுவே ஹெட்போனோடு நிற்கும் பையனைப் பார்த்துவிட்டு, "இது என்ன படம்பா, நானும் பாக்கலாமா?" என்று கேட்டான். நாளைக்குச் சொல்கிறேன் என்று நழுவிவிட்டேன்.

பார்க்காதவர்களுக்கு: யூயிச்சி நடுநிலைப் பள்ளி மாணவன். ஹோஷினோ அவனுடைய நண்பன், பள்ளியின் முதல் மாணவன். இருவரும் பள்ளியின் கெண்டோ (ஜப்பானிய வாள்வீச்சு) குழுவில் சேர்கிறார்கள், கோடை விடுமுறையில் ஒகினாவாத் தீவுக்குப் போகிறார்கள். அங்கே ஹோஷினோ சாவின் விளிம்பைத் தொட்டுவிட்டு வருகிறான். 1999 செப்டம்பரில் பள்ளி திறக்கும்போது வந்து நிற்பது வேறு ஆள். வகுப்பின் பழைய ரவுடியை அடித்துப்போட்டு அந்த நாற்காலியில் தான் உட்கார்ந்துகொள்கிறான். அடுத்து யூயிச்சியின் முறை. யூயிச்சிக்கு இருக்கும் ஒரே வழி லில்லி ஷூ-ஷூ என்ற பாடகியின் பாட்டும், அவளுக்காக அவன் நடத்தும் இணைய அரட்டைப் பலகையும். அங்கே அவன் பெயர் ஃபிலியா. அவனை அதிகம் புரிந்துகொண்டு பேசுபவர் 'நீலப்பூனை' என்ற பெயரில் எழுதும் யாரோ ஒருவர்.

காட்டலாமா? பெற்றோராக இருப்பவர்கள் மட்டுமல்ல, யார் வேண்டுமானாலும் சொல்லுங்கள்.

மூன்றாம் பெஞ்ச் | செவ்வாய், இரவு 11:58

காட்டாதீர்கள். 146 நிமிடம். எனக்கே பார்த்த பிறகு இரண்டு நாள் சோறு இறங்கவில்லை.

வலைக்குள் வண்டு | புதன், காலை 7:15

காட்டலாம், ஆனால் பக்கத்தில் உட்கார்ந்து. முக்கால்வாசிப் பேருக்குத் தெரியாத ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை முதலில் படமாகவே பிறக்கவில்லை. 2000-இல் இவாய் ஒரு இணையதளம் திறந்து, அதில் கதாபாத்திரங்களின் பெயரில் தானே பதிவு போட ஆரம்பித்தார். யார் வேண்டுமானாலும் உள்ளே வந்து பதில் எழுதலாம் என்று விட்டுவிட்டார். லில்லி என்ற இல்லாத பாடகியைப் பற்றி இருக்கிற மனிதர்கள் எழுதித் தள்ளினார்கள். படம் அதிலிருந்து வந்தது. திரை கறுப்பாகி, தட்டச்சு ஒலியோடு எழுத்து எழுத்தாக ஓடும் இடங்களுக்கு அதுதான் மூலம்.

இல்லாத பாடகிக்குக் குரல் கொடுத்தவர் சால்யு. இசை தாகேஷி கோபயாஷி. லில்லியின் பெயரிலேயே அந்த ஆண்டு ஆல்பமும் வந்தது. ஒரு முறை ஃபே வாங் என்ற பாடகியின் கச்சேரிக்குப் போன அனுபவத்தில்தான் லில்லி என்ற யோசனையே இவாய்க்குத் தோன்றியதாம். லில்லியின் ஒரு பாட்டை 'கில் பில்' முதல் பாகத்தில் கேட்டிருப்பீர்கள். நாயகி ஒகினாவாவில் வாள்களைப் பார்க்கும் இடம். அந்தப் பாட்டின் பெயருக்கு அர்த்தம் 'ஆறும் காயம்'.

ஒளிப்பதிவு நொபோரு ஷினோதா. நொடிக்கு 24 பிரேம் பிடிக்கும் சோனி டிஜிட்டல் கேமரா அப்போதுதான் வந்திருந்தது. அதில் எடுத்த முதல் சில படங்களில் இதுவும் ஒன்று. அந்தப் பச்சை கொஞ்சம் அளவுக்கு மீறி எரிகிறதே, அது அந்தக் கேமராவின் குணமும் கூட. ஒகினாவா பகுதி பையன்களே கையில் பிடித்து எடுத்த வீடியோ மாதிரி ஆடும், குலுங்கும். ஷினோதா 2004-இல் இறந்துவிட்டார்.

கடுகு | புதன், காலை 9:02

எல்லோரும் அந்தப் பச்சையில் மயங்கிக் கிடக்கிறீர்கள். எனக்கு இந்தப் படத்தின் மேல் தீராத கோபம் ஒன்று இருக்கிறது, சொல்லிவிடுகிறேன்.

இரண்டு பெண் பிள்ளைகள். ஷியோரியைப் புகைப்படத்தை வைத்து மிரட்டி, வயசான ஆண்களிடம் அனுப்பிக் காசு பிடுங்குகிறான் ஹோஷினோ. அவளுக்குக் காவல் யூயிச்சி. அடுத்தது குனோ. அவளைப் பாழடைந்த கட்டடத்துக்குக் கூட்டிக்கொண்டு போய் விடுவது யார்? நம் மென்மையான, ஹெட்போன் போட்ட, பச்சை வயல் யூயிச்சி. உள்ளே என்ன நடக்கப்போகிறது என்று அவனுக்குத் தெரியும். வெளியே உட்கார்ந்து அழுகிறான். படம் அவன் அழுகையைத்தான் காட்டுகிறது. பின்னால் பியானோ.

கொடுமையை இவ்வளவு அழகாக எடுத்தால் அது கொடுமையாக மனதில் நிற்குமா, இல்லை ஓவியமாக நிற்குமா? ஷியோரியின் உடல் வயல் நடுவே மின்கோபுரத்தின் அடியில் கிடக்கும் காட்சியைக்கூட வால்பேப்பராக வைக்கலாம் போல எடுத்திருக்கிறார்கள். இதை 14 வயதுப் பையனுக்குக் காட்டி 'பார், எவ்வளவு அழகான தனிமை' என்று சொல்லப்போகிறீர்களா?

வலைக்குள் வண்டு | புதன், காலை 9:40

கடுகு, அவன் உடந்தை என்று படம் ஒளிக்கவே இல்லையே. அதுதானே கதை.

கடுகு | புதன், காலை 9:44

ஒளிக்கவில்லை. மன்னித்துவிடுகிறது. அதைத்தான் சொல்கிறேன்.

கறுப்புக்கட்டை | புதன், மதியம் 2:30

நான் பியானோ சொல்லிக்கொடுப்பவள், 19 வருஷமாக. கடுகு சொன்ன 'பின்னால் பியானோ'வைப் பற்றி மட்டும் பேசுகிறேன்.

அது டெபுஸி என்ற பிரெஞ்சு இசையமைப்பாளரின் 'முதல் அரபெஸ்க்' என்ற பியானோ இசை. 1888-இல் தொடங்கி 1891-இல் முடித்தது, அப்போது அவருக்கு இருபதுகளின் கடைசி. அதைக் கற்றுக்கொள்ள வரும் பிள்ளைகள் எல்லோரும் ஒரே இடத்தில் தடுக்கி விழுவார்கள். வலக்கை ஒரு அடிக்கு மூன்று ஸ்வரம் போகும், அதே அடியில் இடக்கை இரண்டு ஸ்வரம் போகும். இரண்டும் சேர்ந்து ஆரம்பிக்கும், நடுவில் ஒன்றையொன்று தொடாமல் கடக்கும், அடுத்த அடியில் மறுபடி சேரும். பிள்ளைகள் என்ன செய்வார்கள் என்றால், இடக்கையை வலக்கையோடு இழுத்துக் கட்டப் பார்ப்பார்கள். உடனே பாட்டு நொண்டும். 'ரெண்டு கையையும் தனித்தனியா விடு, சேர வேண்டிய இடத்துல அதுவே சேரும்' என்று சொல்லிச் சொல்லி எனக்கு அலுத்துவிட்டது.

லில்லி, ஷூ-ஷூ இரண்டுமே டெபுஸி வீட்டுப் பெயர்கள். முதல் மனைவியை லில்லி என்று கூப்பிடுவார்கள். மகளின் செல்லப் பெயர் ஷூ-ஷூ. 'சில்ட்ரன்ஸ் கார்னர்' அவளுக்காக எழுதியது. 1918-இல் அப்பா போனார், அடுத்த வருஷமே அவளும் போனாள். 13 வயது. இந்தப் படத்துப் பிள்ளைகளின் வயது.

குனோவுக்கு வருகிறேன். பாட்டுப் போட்டிக்கு வகுப்பே சேர்ந்து பாட வேண்டும், பியானோ வாசிக்க அவளை விட்டால் ஆள் கிடையாது. அவளைப் பிடிக்காத கூட்டம் அவள் வாசிக்கக் கூடாது என்று முறுக்குகிறது. அவள் சண்டை போடவில்லை. பியானோவே தேவைப்படாதபடி அந்தப் பாட்டை வெறும் குரல்களுக்குப் பிரித்து எழுதிக் கொடுத்துவிடுகிறாள். அது ஜப்பானியப் பள்ளிகளில் எல்லாப் பிள்ளைகளும் பாடுகிற 'த்சுபாஸா ஓ குதாசாய்'. 1971-இல் வந்த பாட்டு. 'எனக்குச் சிறகு கொடு' என்று அர்த்தம். அவளைத் தள்ளி வைத்த வாய்கள் அவள் எழுதியதைப் பாடுகின்றன. இரண்டரை மணி நேரத்தில் எனக்குத் தொண்டை அடைத்தது அந்த ஒரு இடத்தில்தான். காற்றாடியைப் பார்த்துவிட்டுப் பறக்க ஆசைப்படுகிற ஷியோரியையும் சேர்த்து நினைத்துப் பாருங்கள், அந்தப் பாட்டு என்ன கேட்கிறது என்று புரியும்.

டீக்கடை பெஞ்ச் | புதன், மதியம் 3:05

அக்கா, இந்த மூன்றுக்கு இரண்டை மேசையில் தட்டிப் பார்த்தேன். பத்து நிமிஷமாக நொண்டிக்கொண்டிருக்கிறேன். ஆபீசில் எல்லோரும் பார்க்கிறார்கள்.

கறுப்புக்கட்டை | புதன், மதியம் 3:11

தம்பி, தகிட தகிட என்று வலக்கையில் சொல்லிக்கொண்டே இடக்கையைத் தக தக என்று போடுங்கள். வரும். நாளைக்குள் வராது.

பத்தாம் வகுப்பு இயற்பியல் | புதன், மாலை 6:20

படத்தில் லில்லி ரசிகர்கள் சதா 'ஈதர்' என்று பேசுகிறார்கள். லில்லியின் பாட்டிலிருந்து பரவும் ஏதோ ஒன்று, அதை உணர முடிந்தவர்கள் மட்டும் ஒரு கூட்டம். பாடம் நடத்துகிறவன் என்பதால் எனக்கு அந்தச் சொல்லைக் கேட்டதும் சிரிப்பு வந்தது. அந்தக் காலத்து இயற்பியலில் ஈதர் என்பது ஒளி பயணம் செய்யத் தேவைப்பட்ட ஊடகம். ஒலிக்குக் காற்று, அலைக்குத் தண்ணீர், அப்படியானால் ஒளிக்கும் ஏதோ ஒன்று வேண்டுமே என்று வைத்துக்கொண்டார்கள். அதற்குள் பூமி நீந்திப் போவது உண்மையென்றால் ஒளியின் வேகத்தில் வித்தியாசம் தெரிய வேண்டும். மைக்கல்சனும் மார்லியும் 1887-இல் அளந்தார்கள். எதிர்பார்த்த வித்தியாசம் தென்படவே இல்லை.

அக்கா சொன்ன வருஷத்தோடு வைத்துப் பாருங்கள். ஈதர் இல்லை என்று அளவு சொன்ன மறு வருஷம் டெபுஸி அரபெஸ்க்கைத் தொடங்கியிருக்கிறார். இவாய் இதையெல்லாம் யோசித்தாரா என்று கேட்காதீர்கள், எனக்குப் பிடித்திருக்கிறது, அவ்வளவுதான். ஒருவரிடமிருந்து ஒருவருக்குப் போக ஒரு ஊடகம் இருந்தே தீர வேண்டும் என்று நம்பிய பிள்ளைகள். அதை யாரும் அவர்களுக்கு அளந்து காட்டவில்லை.

அசாகுசா ரயில் | வியாழன், காலை 5:50

ஜப்பானில் ஆறு வருஷமாக வேலை. படத்தின் பெரும்பகுதி எடுத்த ஆஷிகாகாவுக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை போனேன். தோச்சிகி மாநிலம். தோக்கியோவின் அசாகுசாவிலிருந்து தொபு ரயிலில் ஒன்றேகால் மணி நேரம் சொச்சம். ஊரின் பெருமை என்ன தெரியுமா? ஜப்பானின் மிகப் பழைய பள்ளி என்று சொல்லப்படும் ஆஷிகாகா கக்கோ அங்கேதான் இருக்கிறது. பார்க்கக் கட்டணம் வாங்குகிறார்கள். நான் உள்ளே போய்விட்டு, வெளியே வந்து, வயல் தேடி நடந்தேன். நெல் முழங்கால் உயரம். அதற்கு மேலே மின்கம்பிகள். ஆள் நடமாட்டமே இல்லை. காதில் லில்லியைப் போட்டுக்கொண்டு வரப்பில் நின்று பார்த்தேன். ஐந்து நிமிடத்தில் கொசு விரட்டிவிட்டது.

இங்கே வந்த பிறகுதான் படத்தில் ஒரு விஷயம் உறைத்தது. நம் ஊரில் அடிக்கிறவன் தனியாகத் தெரிவான், அடி வாங்குகிறவன் தனியாகத் தெரிவான். இங்கே 'இஜிமே', அதாவது சக மாணவனை வதைப்பது, பெரும்பாலும் மொத்த வகுப்பும் சேர்ந்து செய்வது. 1985-இல் தோக்கியோவின் நகானோ பகுதியில் ஒரு பள்ளி. உயிரோடு இருக்கும் சக மாணவனுக்கு வகுப்பில் சவச் சடங்கு நடத்தி, இரங்கல் அட்டை எழுதி அவன் மேசையில் வைத்தார்கள். அதில் ஆசிரியர்கள் நான்கு பேரும் கையெழுத்துப் போட்டிருந்தார்கள். அந்தப் பையன் அடுத்த ஆண்டு, 1986-இல், உயிரை விட்டுவிட்டான். இஜிமேயைத் தடுக்கத் தனிச் சட்டம் வந்தது 2013-இல்தான், அதுவும் ஓட்சு நகரில் 2011-இல் இன்னொரு பையன் இறந்து நாடே கொதித்த பிறகு. இந்தப் படத்தில் ஆசிரியர்கள் ஏன் இவ்வளவு மங்கலாக, ஓரமாக வந்துபோகிறார்கள் என்று இனிமேல் கேட்க மாட்டேன்.

மூன்றாம் பெஞ்ச் | வியாழன், காலை 8:10

கையெழுத்தா? ஆசிரியர்களா?

அசாகுசா ரயில் | வியாழன், காலை 8:25

ஆமாம். விளையாட்டு என்று நினைத்தார்களாம்.

நடுநிசி வானொலி | வியாழன், இரவு 10:15

இவ்வளவு வரும் என்று நினைக்கவில்லை. கடுகுக்கு என் பதில்.

நான் இந்தப் படத்தை இத்தனை வருஷமாக 'இசை காப்பாற்றிய பையன்' கதை என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தேன். இந்தத் தடவை அப்படித் தெரியவில்லை. கச்சேரி நாளை எடுத்துக்கொள்ளுங்கள். நீலப்பூனை பச்சை ஆப்பிளோடு வருவதாகப் பேச்சு. தன்னை இந்த உலகத்தில் புரிந்துகொண்ட ஒரே ஆளைப் பார்க்கப் போகிறோம் என்று யூயிச்சி நிற்கிறான். பச்சை ஆப்பிள் ஹோஷினோவின் கையில். அவனுக்கோ எதிரே நிற்பவன் ஃபிலியா என்று தெரியாது. யூயிச்சியின் டிக்கெட்டைப் பிடுங்கித் தூர எறிந்துவிட்டு, தான் மட்டும் உள்ளே போகிறான்.

ஆக, ராத்திரி 'நீ தனியாக இல்லை' என்று தட்டச்சு செய்த விரல்களும் பகலில் அடித்த விரல்களும் ஒன்றே. நடிப்பும் இல்லை. லில்லியைக் கேட்டு வயலில் நின்று அலறுகிறானே ஹோஷினோ, அது பொய்யா என்ன? ஒரே பாட்டு, ஒரே உருக்கம். அது அவனை ஒரு அங்குலம்கூட நல்லவனாக்கவில்லை. யூயிச்சியையும் ஆக்கவில்லை. கச்சேரி முடிந்து கூட்டம் வெளியே வரும்போது 'லில்லி அங்கே!' என்று கத்திவிட்டு, அந்தத் தள்ளுமுள்ளுக்குள் அவன் ஹோஷினோவைக் குத்திவிடுகிறான். நல்ல ரசனை இருப்பவன் நல்லவனாகவும் இருப்பான் என்று நாமெல்லாம், முக்கியமாக இந்த மாதிரி இடத்தில் எழுதுகிறவர்கள், உள்ளுக்குள் ஒரு நம்பிக்கை வைத்திருக்கிறோம். படம் அதைத்தான் உடைக்கிறது என்று எனக்குப் படுகிறது.

கடுகு | வியாழன், இரவு 10:50

இதை ஏற்கிறேன். ஆனாலும் குனோவின் பக்கத்திலிருந்து ஒரு நிமிடம்கூடக் கதை சொல்லப்படவில்லை என்பது அப்படியேதான் இருக்கிறது. நடந்ததற்கு மறுநாள் அவள் தலையை மொட்டையடித்துக்கொண்டு வகுப்புக்கு வருகிறாள். இனி யாரும் தொட வராதபடி. அந்த ராத்திரி அவள் எந்தப் பாட்டைக் கேட்டாள்? எந்தப் பலகையில் யாரிடம் எழுதினாள்? இவாய்க்குத் தோன்றவில்லை.

பழைய கேசட் | வெள்ளி, இரவு 1:35

வாசிக்க மட்டும் வருபவன். முதல் பதிவு.

ஒரு விடுதிப் பள்ளி, ஊரும் பெயரும் வேண்டாம். ஒன்பதாம் வகுப்பு. எங்கள் அறையில் ஒரு பையன் இருந்தான், திக்கிப் பேசுவான். துபாயிலிருந்து மாமா வாங்கி வந்த வாக்மேன் அவனிடம் இருந்தது. ராத்திரி போர்வைக்குள் பாட்டுக் கேட்பான். எனக்கு மட்டும் ஒரு காதைக் கொடுப்பான். கூடப் பாடினால் அவனுக்குத் திக்காது. இதை என்னிடம் மட்டும்தான் காட்டினான்.

பதினொன்றாம் வகுப்பு அண்ணன்கள் ஒரு நாள் என்னைக் கூப்பிட்டு, 'வார்டன் கூப்பிடறாருன்னு சொல்லி அவனத் தண்ணித் தொட்டிப் பக்கம் கூட்டிட்டு வா' என்றார்கள். கூட்டிக்கொண்டு போனேன். எதற்கு என்று கேட்கவில்லை. கேட்காமலே தெரியும். நான் கொஞ்சம் தள்ளி, கொய்யா மரத்தின் அடியில் நின்றேன்.

அவனைப் பாடச் சொன்னார்கள். அவன் பாடவில்லை. கேசட்டை எடுத்து உள்ளேயிருந்த டேப்பை உருவி, கை கையாக இழுத்து, மரத்தில் சுற்றினார்கள். பழுப்பு நிற நாடா. வெயிலில் அது பளபளத்தது இன்னும் கண்ணிலேயே இருக்கிறது. ராத்திரி நான் மட்டும் போய் அதைப் பிரித்து எடுத்தேன். பென்சிலை ஓட்டையில் விட்டுச் சுற்றினேன். இரண்டு மணி நேரம் இருக்கும். பாதி நாடா கசங்கிவிட்டது. ஓர் இடத்தில் திருகிக்கொண்டது, எனக்குத் தெரியவில்லை, அப்படியே சுற்றிவிட்டேன்.

மறுநாள் படிப்பு நேரத்தில் அவன் ஹெட்போன் போட்டு உட்கார்ந்திருந்தான். தலைகூட லேசாக ஆடியது. வேறு கேசட் வைத்திருக்கிறான் போல என்று நினைத்து ஆறுதலாக இருந்தது. பக்கத்தில் போய்ப் பார்த்தேன். வாக்மேன் கண்ணாடிக்குள் ஒன்றும் இல்லை. காலி.

கேசட் என் பெட்டியில் இருந்தது. கொடுக்கவில்லை. கொடுத்தால், கூட்டிக்கொண்டு போனது தெரிந்தே செய்தது என்று ஒப்புக்கொண்ட மாதிரி ஆகிவிடும் என்று தோன்றியது. காலாண்டுத் தேர்வோடு அவன் வேறு பள்ளிக்குப் போய்விட்டான்.

படத்தில் யூயிச்சி குனோவைக் கூட்டிக்கொண்டு போகும் இடத்தில் நிறுத்திவிட்டேன். இன்றுவரை மீதியைப் பார்க்கவில்லை. முடிவு என்ன என்று இங்கேதான் படித்தேன்.

கடுகு | வெள்ளி, காலை 6:40

படித்தேன். நான் மன்னிப்பைப் பற்றிப் பேசினேன் அல்லவா, அது படத்தைப் பற்றி.

டீக்கடை பெஞ்ச் | வெள்ளி, காலை 9:15

கேசட் இப்போது எங்கே அண்ணா?

பழைய கேசட் | வெள்ளி, இரவு 11:20

இருக்கிறது. கேட்கத்தான் வீட்டில் பிளேயர் இல்லை. கடைசியாகப் போட்டபோது இரண்டாம் பக்கத்தில் அந்தத் திருகல் வந்ததும் பாட்டு தலைகீழாக ஓடியது, பெண் குரல், தண்ணீருக்கு அடியிலிருந்து வருவது மாதிரி.

நடுநிசி வானொலி | ஞாயிறு, மாலை 5:30

காட்டவில்லை. இன்று காலை பால் வாங்கப் போகும்போது மகனும் வண்டியில் வந்தான். கதையைச் சொன்னேன். ஷியோரி, குனோ பகுதிகளைச் சுருக்கிச் சொன்னேன், ஆனால் விடவில்லை. நீலப்பூனை யார் என்ற இடத்தில் "அய்யோ" என்றான். கடை வந்துவிட்டது. திரும்பி வரும்போது கேட்டான்: "அவன்தான் நீலப்பூனைன்னு தெரிஞ்சதுக்கு அப்புறமும் யூயிச்சி அந்தப் பாட்டக் கேட்டானாப்பா?"

மூன்று தடவை பார்த்தவன், எனக்கு அது கேட்கத் தோன்றியதே இல்லை. யாருக்காவது தெரியுமா?

கறுப்புக்கட்டை | ஞாயிறு, இரவு 8:05

கடைசிப் பகுதியை இப்போதுதான் போட்டுப் பார்த்தேன். பள்ளியில் யாரோ அரபெஸ்க் வாசிக்கிறார்கள். இசை அறைக்குள் குனோ, முடி கொஞ்சம் வளர்ந்திருக்கிறது. யூயிச்சி வெளியே நிற்கிறான். அவள் திரும்பிப் பார்க்கவில்லை, வாசித்துக்கொண்டிருக்கிறாள். அவன் உள்ளேயும் போகவில்லை.

உங்கள் பையனிடம் இதைச் சொல்லுங்கள்.